புத்தாசிரியரும் பாடத்திட்டமும்

ஆண்டுதோறும் ஜூன் திங்கள் பிறந்ததும், நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய நண்பருள் ஒரு சிலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளுகின்றனர். அவருட் சிலர், இக்கல்லூரியின் பழைய மாணவராய் இப்போது காரைக்குடிப் பக்கத்தில் வரலாற்றுப் பாடம் நடத்திவரும் எம்மை நாடி வருவதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே. "பாடத்திட்டத் தாளைக் கையிற் கொடுத்துவிட்டார்கள், எங்கே தொடங்குவது?" என்பர். தன்னாட்சிக் கல்லூரிகளிற் பணியேற்றவரோ, "பாடத்திட்டத்தையே எழுதித் தரச் சொல்லுகிறார்கள், எவ்வாறு எழுதுவது?" என்பர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடை கூறி வந்தோம். இவ்வாண்டு மலராசிரியர் அதனைக் கட்டுரையாக்கித் தருமாறு பணித்தமையின் ஈண்டு எழுதப் புகுந்தோம். மாணவ நண்பர்களும் இதனைப் படிக்கலாம். தாம் எழுதும் தேர்வின் தாள் எவ்வாறு பிறக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்றே.

பாடத்திட்டம் என்பது மேலிருந்து இறங்கி வரும் ஒன்று என்றே நம் பகுதியில் நெடுங்காலம் கருதப்பட்டது. 1947-ஆம் ஆண்டில் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியிற் கலைக்கல்லூரியைத் தொடங்கியபோது, அஃது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றிருந்தது. என்ன பாடம், எத்தனை தாள், எந்நூல் என்பன எல்லாம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் முடிவு செய்யப்பட்டு அச்சுத்தாளாக வந்து சேரும். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அத்தாள் மதுரையிலிருந்து வந்தது. 1985-இல் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இன்று சிவகங்கை, இராமநாதபுர மாவட்டங்களின் இணைப்புக் கல்லூரிகட்குப் பாடத்திட்டம் இவ்வூரிலிருந்தே செல்கின்றது. தாள் வரும் தொலைவு குறைந்ததே யொழிய, அதனைக் கையில் வாங்கும் புதிய ஆசிரியரின் திகைப்புக் குறைந்தபாடில்லை.

மற்றொரு வழியும் உண்டு. 1978-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. அங்கெல்லாம் துறையினரே பாடத்திட்டத்தை வகுத்து, வெளியறிஞரும் பல்கலைக்கழகத்தார் அனுப்பும் உறுப்பினரும் பழைய மாணவர் ஒருவரும் அடங்கிய பாடத்திட்டக் குழுவின் முன் வைத்து ஒப்புதல் பெறவேண்டும். யாம் முதலில் இணைப்புக் கல்லூரி ஒன்றிலும், பின்னர்த் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றிலும் பணியாற்றியவராதலின் இருவகை அனுபவமும் எமக்கு வாய்த்தன. முன்னதில் யாம் செய்த பிழையை முதற்கண் கூறிவிடுகின்றோம். அதனைக் கூறாது பிறவற்றைக் கூறுவது முறையாகாது.

எம் முதலாண்டில், இறுதிப் பருவத்து மாணவர்க்குத் தற்கால ஐரோப்பிய வரலாறு நடத்தும் பொறுப்பு எமக்கு வந்தது. அலகுகள் ஐந்து. முதல் அலகு பிரெஞ்சுப் புரட்சி. ஐந்தாம் அலகு இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஐரோப்பா. பிரெஞ்சுப் புரட்சியில் எமக்குப் பெருவிருப்பம். முதுகலையில் அதனையே ஆழ்ந்து பயின்றிருந்தோம். டிசம்பரிற் பருவம் தொடங்கிற்று. தைப்பூசத்திற்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிற் கூடியபோது, எம் வகுப்பிற் பதினாறாம் லூயி மன்னன் இன்னும் அரியணையில் இருந்தான். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி பங்குனித் திருவிழாவிற் பால்குடங்கள் சென்றபோது, நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அஃதாவது, 1789 முதல் 1812 வரையுள்ள 23 ஆண்டுகட்குப் பருவத்தின் முக்காற்பங்கைச் செலவிட்டுவிட்டோம். எஞ்சிய 130-க்கு மேற்பட்ட ஆண்டுகட்கு மூன்று வாரமே இருந்தன. வகுப்பு என்னவோ சுவையாகத்தான் நடந்தது. மாணவர் ஆர்வத்தோடு கேட்டனர். யாமும் நம்மைச் சிறந்த ஆசிரியரென்றே எண்ணியிருந்தோம். கடைசி வாரத்தில், "ஐந்தாம் அலகு எளிது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி விடைபெற்றோம்.

தேர்வு முடிவு வந்தது. நம் பக்கத்து வினாத்தாளின் பொதுவான அமைப்பைப் பலரும் அறிவர்: அக மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. அந்த 75-இல், அலகுக்கு இரண்டாகப் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள். அலகுக்கு ஒன்றாக, 'இது அல்லது அது' என்னும் முறையில் ஐந்து ஐந்து மதிப்பெண் வினாக்கள். ஐந்தனுள் மூன்றைத் தேர்ந்தெழுதும் பத்து மதிப்பெண் வினாக்கள். ஓர் அலகை அறவே அறியாத மாணவர் 9 மதிப்பெண்ணைக் கட்டாயமாக இழப்பர். பத்து மதிப்பெண் வினாக்களிலும் அவர்க்குத் தெரிவு குறைந்துவிடும். நன்கு படிக்கும் மாணவர்க்கு இஃது ஓர் இழப்பன்று. 75-க்கு 30 பெற்றாற் போதும் என்னும் எல்லையில் நிற்பவர்க்கோ இதுவே எல்லாம்.

அவ்வாண்டு புதுவயற் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் மாணவி ஒருத்தி 27 பெற்றாள். பி.எட். சேர்க்கைக்கு அவள் விண்ணப்பம் செய்திருந்தாள். ஒரு தாள் அரியராக நின்றமையாற் பட்டம் நின்றது. பட்டம் நின்றமையால் அவ்வாண்டுச் சேர்க்கையும் போயிற்று. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது அவள் எம்மைக் கடிந்து ஒன்றும் கூறவில்லை. "ஐந்தாம் அலகை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றீர்கள், ஐயா. அந்தப் புத்தகம் நூலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது வேறொருவர் கையில் இருந்தது. நாலரை மணிப் பேருந்தை விட்டால் எனக்கு வேறு பேருந்து இல்லை" என்றாள். அவ்வளவே. அவள் அடுத்த நவம்பரில் அத்தாளை எழுதித் தேறினாள். ஓராண்டு மட்டும் அவளுக்குத் திரும்பி வரவில்லை.

அன்று மாலை யாம் செய்த முதற்காரியம், நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாடவேளைகளை எண்ணியதே. பருவம் தொடங்குமுன் எண்ணியிருக்க வேண்டிய கணக்கை முடிந்தபின் எண்ணினோம். செட்டிநாட்டிற் பிறந்தவர்க்குக் கணக்கு எழுதக் கற்றுத்தர வேண்டுமா என்று நீவிர் நகைக்கலாம். எனினும், பணத்தின் வரவு செலவைப் பேரேட்டில் எழுதும் நாம், பொழுதின் வரவு செலவை எழுதுவதில்லை.

அக்கணக்கு இவ்வாறு அமையும். பருவம் ஒன்றுக்கு 90 வேலைநாள் என்பது பொது விதி. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் வார நாட்களைக் கொள்ளாது, முதல்நாள் முதல் ஆறாம்நாள் வரை ஒரு சுற்றாகக் கொள்ளுவர். எனவே 15 சுற்று. ஒரு தாளுக்குச் சுற்றுக்கு 5 பாடவேளை என்றால், 75 பாடவேளை வரவு. பாடத்திட்டத் தாளின் தலைப்பில் அச்சிடப்படுவதும் இவ்வெண்ணே. புதிய ஆசிரியர் 75-ஐ ஐந்தாற் பகுத்து, அலகுக்கு 15 என்று மகிழ்ந்திருப்பார். செலவையும் பார்ப்போம். அக மதிப்பீட்டுத் தேர்வு இருமுறை, மாதிரித் தேர்வு ஒருமுறை. இவற்றுக்குப் பத்துப் பதினொரு நாள் செல்லும். விளையாட்டு விழா, கல்லூரி விழா, கருத்தரங்கு, பருவத் தொடக்கத்திற் கால அட்டவணை நிலைபெறும் வரையுள்ள நாட்கள் ஆகியவற்றுக்கு ஐந்தாறு நாள். ஆக 17 நாள். பாடவேளைக் கணக்கில் 14. எஞ்சியன 61. விடைத்தாளைத் திருப்பித் தந்து பிழைகளை விளக்க மூன்று. ஆசிரியரின் உடல்நலக் குறைவுக்கும் ஊர்ச் செலவுக்கும் மூன்று. ஐந்தொகை பார்த்தால் கையில் நிற்பன 55. தாளில் 75, கையில் 55. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இருபதிலேதான் ஐந்தாம் அலகுகள் பெரும்பாலும் மூழ்கிப்போகின்றன.

அரசு திடீரென விடும் மழை விடுமுறையை யாம் இதில் சேர்க்கவில்லை. அந்நாட்களை ஈடுசெய்யச் சனிக்கிழமை வகுப்பு வைப்பர். ஆயினும், ஐப்பசிச் சனிக்கிழமையில் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வருவோர் எத்தனை பேர் என்பதை வகுப்பறையிற் போய்ப் பார்த்தல் வேண்டும்.

இது நிற்க. சில ஆண்டுகட்குப்பின் யாம் பணியேற்ற தன்னாட்சிக் கல்லூரியில், மூன்றாமாண்டு வரலாற்று மாணவர்க்குச் 'செட்டிநாட்டு வணிக வரலாறு' என்னும் விருப்பத் தாளொன்றை வகுக்குமாறு துறைத்தலைவர் எம்மைப் பணித்தார். முன்பட்ட அடியால் இம்முறை பாடவேளைகளை முன்னரே எண்ணிக்கொண்டோம். ஆனாற் பழைய பிழையே வேறோர் உருவில் வந்து நின்றது. இரண்டு வாரம் உழைத்து யாம் எழுதிய முதல் வரைவில், நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாடு புகுந்த மரபுக்கதைக்கு ஓர் அலகு; இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்கட்கு ஓர் அலகு. கடல்கடந்த வாணிகம் முழுதும் மூன்றாம் அலகு ஒன்றனுள் அடங்கிற்று. மேற்கோள் நூல்கள் 32. செட்டிநாட்டு வீட்டைக் கட்டத் தொடங்கியவர் முகப்புக்கே பர்மாத் தேக்கு முழுதையும் இழைத்துவிட்டு, அடுப்படிக்குக் கையை விரித்ததை ஒத்தது அவ்வரைவு.

துறைத்தலைவர் ஓய்வுபெறும் நிலையிலிருந்த முதியவர். வரைவை முற்றும் படித்துவிட்டு, "தம்பி, இது பட்டியல். நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு, நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கதையை நினைவூட்டினார்.

1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்திற்குத் தமிழாசிரியராக வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் திருவாவடுதுறை மடத்திலும் பயின்றவர் அவர். அங்கே மணியடித்துப் பாடம் தொடங்குவதோ, இத்தனைப் பக்கம் என்று அளந்து நிறுத்துவதோ இல்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூல். அவ்வாண்டே அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை எனப் பிரபந்தங்களை அடுக்கினார் ஐயர். முதலியார் அசையவில்லை. பிறகு அவர் சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயரைக் கூறி, இவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே ஐயரின் விடை. அவ்வினாவிலிருந்து பிறந்ததே 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு.

இக்கதையைப் பதிப்பு வரலாற்றுக்காகவே பலரும் கூறுவர். துறைத்தலைவர் கூறியதோ வேறொன்றுக்காக. சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் மட்டும் 1868-ஆம் ஆண்டிலேயே மாணாக்கர் பாடத்திற்கென அச்சாகியிருந்தது. "பாடமாக வைத்த துண்டு அச்சில் இருந்தது, வையாத மிகுதி ஏட்டில் உறங்கிற்று. நீர் இத்தாளில் எழுதாமல் விடுவதை இப்பிள்ளைகள் பெரும்பாலும் இனி எங்கும் படிக்கப்போவதில்லை. அதை எண்ணிப் பார்த்து விடும். எழுதுவதையும், இதைப் படித்தவன் என்ன செய்ய வல்லவன் ஆவான் என்று கேட்டு எழுதும்" என்றார் அவர்.

இக்கேள்வி அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இரால்ஃப் டைலர் 1949-இல் எழுதிய சிறுநூலின் முதற் கேள்வியே. எந்நோக்கத்தை அடைய விரும்புகிறோம், அதற்கு எவ்வகைப் பயிற்சிகள் உதவும், அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதென எவ்வாறு அறிவது என்று நான்கு கேள்விகளை அவர் வைத்தார். இன்று நம் பாடத்திட்டங்களின் தலையில் 'பாட நோக்கம்', 'கற்றல் விளைவு' என்று எழுதப்படுவன எல்லாம் அவ்வழி வந்தவை. அதே பல்கலைக்கழகத்துப் பெஞ்சமின் புளூம் முதலியோர் 1956-இல் வகுத்த அறிவுப் படிநிலைகளும் 'கே1' முதல் 'கே6' வரை என்னும் குறியீடுகளாக நம் தாள்களில் இடம்பெற்றுள்ளன. பின்னர்த் திருத்தப்பெற்ற வடிவில் நினைவுகூர்தல் முதற்படி, புதிதாய் ஆக்குதல் ஆறாம்படி. கருத்து நல்லதே. ஆனால் விளைவு ஒவ்வொன்றுக்கும் நேரே 3, 2, 1 என்று எண்களை நிரப்பும் கட்டத்தைப் பலர் பக்கத்துத் துறையின் தாளைப் பார்த்து நிரப்புகின்றனர். யாமும் ஒருமுறை அவ்வாறு நிரப்பியதுண்டு. கட்டத்தை நிரப்புவதால் மாணவன் ஆறாம்படி ஏறிவிடுவதில்லை.

இவ்வகை முகவுரை நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், ஒரு நூலுக்கு முன் எவற்றைக் கூறவேண்டும் என்று வரையறுத்திருக்கிறார். நூலைச் செய்தவர் யார், அது எவ்வழி வந்தது, எதனைப் பற்றியது, கேட்டற்குரியவர் யாவர், கேட்டதனாற் பயன் யாது என்பன அவற்றுட் சில. இன்றைய பாடத்திட்டத் தாளின் முதற்பக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்மின். 'பயன்' என்பது கற்றல் விளைவு. 'கேட்போர்' என்பதற்கு நேராக நம் தாளில் 'மூன்றாமாண்டு, ஐந்தாம் பருவம்' என்று மட்டும் அச்சிடுகின்றோம். அவர் என்ன முன்னறிவோடு வருகிறார், எம்மொழியிற் படிக்க வல்லார், மாலையில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறுகிறார் என்பனவற்றை எழுத அங்கே இடமில்லை. ஆசிரியர் தம் குறிப்பேட்டிலாவது எழுதிக்கொள்ளல் வேண்டும்.

வரைவைத் திரும்பவும் எழுதத் தொடங்கினோம். இம்முறை இறுதியிலிருந்து தொடங்கினோம். இத்தாளைப் படித்தவர் எதனைச் செய்ய வல்லவராதல் வேண்டும்? பழைய பேரேட்டின் ஒரு பக்கத்தையோ, 1929-30-இல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கையின் ஒரு பக்கத்தையோ கையிற் கொடுத்தால், கடன் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், வட்டி எவ்வாறு கணக்கிடப்பட்டது, கடன் திரும்பாதபோது யாது நிகழ்ந்தது என்று விளக்க வல்லவராதல் வேண்டும் என்று ஒரே தொடரில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதன்பின் எது வேண்டும், எது வேண்டா என்பது தானே விளங்கலாயிற்று.

நடப்பு வட்டி, தவணை வட்டி, உண்டியல், முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், மூன்றாண்டுத் தவணைக்கு ஆள் அனுப்பும் முறை, சிங்கப்பூர் பினாங்குக் கிட்டங்கிகளின் வாழ்க்கை ஆகியவற்றை அறியாதவர் அப்பேரேட்டைப் படிக்க இயலாது. எனவே தொழில்முறை பற்றிய அலகுக்கு 14 பாடவேளை ஒதுக்கினோம். 1852-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இற் சூயஸ் கால்வாய் திறந்ததும், ஐராவதிக் கழிமுகம் நெல்வயலானதும் இன்றி அக்கடன்கள் பிறந்த காரணம் விளங்காது, அதற்கு 13. 1930-ஐ யொட்டி நெல்விலை வீழ்ந்தது. அதன்பின், பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்தது, 1930-களின் இறுதியில் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை விரும்பி வாங்கினரா, கடனுக்கு ஈடாக வேறு வழியின்றி ஏற்றனரா, நிலமிழந்த பர்மிய உழவன் அதனை எவ்வாறு கண்டான் என்பனவே இத்தாளின் உயிர்நிலை வினாக்கள். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும், 1948-இற் சுதந்திரம் பெற்ற பர்மாவின் நிலச்சட்டமும் அதன் முடிவு. இவ்வலகுக்கு 12. காவிரிப்பூம்பட்டினமும் ஒன்பது கோயில்களும் ஓர் அலகாகச் சுருங்கி 6 பாடவேளையில் அடங்கின. எமக்கு மிகவும் பிரியமான பகுதியைச் சுருக்கியபோது மனம் நொந்தது உண்மையே.

இவ்வாறு சமமற்ற அலகுகள் வகுத்தது முறையன்று என்று பாடத்திட்டக் குழுவில் ஒருவர் மறுத்தார். ஒவ்வோர் அலகிலிருந்தும் சமமான வினாக்கள் வரும்போது, ஒன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 14 என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா. தக்க வினாவே. சிறிய அலகு தரும் மதிப்பெண்ணும் பெரிய அலகு தரும் மதிப்பெண்ணும் ஒன்றேயாயின், எல்லையில் நிற்கும் மாணவர்க்குச் சிறிய அலகு ஒரு கைப்பிடி என்று விடை கூறினோம். குழுவினர் நகைத்து ஏற்றுக்கொண்டனர். உண்மையில், சிறியதை முதலில் வைத்து, முதற்றேர்வுக்கு முன்னரே முடித்துவிட்டால் மாணவர்க்கு இத்தாளை வெல்லலாம் என்னும் துணிவு பிறக்கும் என்பதே எம் உட்கருத்து.

மேற்கோள் நூல்கள் 32 என்றோமே, அவற்றோடு யாமே நூலகத்திற்குச் சென்றோம். ஏழு நூல்களே அலமாரியில் இருந்தன. அவற்றுள்ளும் ஐந்து ஒவ்வொரு படியே. நகரத்தாரின் முதலீட்டு முறையை விரிவாக ஆராய்ந்த டேவிட் ரட்னரின் 1994-ஆம் ஆண்டு நூல் ஆங்கிலத்தில் உள்ளது; பொருட்செறிவு மிக்கது; எம் மாணவருட் பெரும்பாலார்க்கு முதற்பக்கத்திலேயே கடினமானது. ஆதலின் நூற்பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். மாணவர் கட்டாயம் படிக்க வேண்டுவன மூன்று. அவை நூலகத்தில் ஐந்தைந்து படிகளேனும் வந்தபின்னரே தாள் தொடங்க வேண்டும் என்று குழுவின் குறிப்பிலேயே எழுதச் செய்தோம். ஏனையன ஆசிரியர் படித்துச் சாரம் கூறவேண்டுவன. பட்டியலின் நீளத்தால் தாளின் தரத்தை அளக்கும் வழக்கம் ஒன்று குழுக்களில் உண்டு. வெளியறிஞர் ஒருவர் பட்டியல் மெலிந்திருக்கிறதென்றார். புதுவயல் மாணவியை நினைத்துக்கொண்டு யாம் அசையாது இருந்தோம்.

ஐந்தாம் அலகைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கடல்கடந்து ஈட்டிய பொருள் ஊர் திரும்பிய கதை அது: வீடுகள், வங்கிகள், கல்லூரிகள். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. இம்மூன்று பெயர்களும் ஒருங்கே நிற்பதிலிருந்தே அவ்வலகைத் தொடங்கலாம். அதுவரை எமக்கு ஐயமில்லை. முதலாண்டு அத்தாளை நடத்திக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் தாத்தா கானாடுகாத்தான் பக்கத்தில் இந்த வீடுகளுக்கெல்லாம் பூச்சு வேலை பார்த்த கொத்தனார். அவர் எந்த அலகில் வருவார்?" என்று கேட்டான்.

அவர் எந்த அலகிலும் வரவில்லை. ஆத்தங்குடியிற் கல் வார்த்தவரும், சுண்ணாம்பு அரைத்த பெண்டிரும், கொட்டான் முடைந்தவரும் வரவில்லை. வகுப்பில் அமர்ந்திருந்த நாற்பது பேரில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் மூவர். மற்றையோர் அவ்வீடுகளைக் கட்டியவர், காத்தவர், அவற்றைச் சூழ்ந்த வயல்களை உழுதவர் வழிவந்தவர். கேட்போர் யாவர் என்று நன்னூலார் எழுதச் சொன்னதை மேலே பெருமையாக எடுத்துக் கூறிய யாமே அதனை எழுதாது விட்டிருந்தோம்.

தன்னாட்சியிலுள்ள நன்மை, பாடத்திட்டத்தை மாற்ற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது. இப்போது அதற்கும் சில வரையறைகள் வந்துள்ளன. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தைப் பற்றித் தன்னாட்சிக் கல்லூரிகளில் எழுந்த வாதங்களை நண்பர்கள் அறிவர். ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் மாணவர்க்குப் பொதுப்பாடம் துணையாகும் என்பதையும் மறுப்பதற்கில்லை; உள்ளூர்ப் பொருளுக்கு இடம் சுருங்கும் என்னும் அச்சமும் வீணன்று. விருப்பத் தாள்களிலேனும் அவ்விடத்தைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து. எம் தாளின் ஐந்தாம் அலகை அடுத்த ஆண்டே திருத்தினோம். வீடுகளின் அழகுக்கு இருந்த பகுதியிற் பாதியைக் குறைத்து, அவற்றைச் செய்த தொழிலாளர்க்கு நான்கு பாடவேளை அமைத்தோம். அதற்கு நூலில்லை. ஆதலின் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் செய்த வேலை, பெற்ற கூலி, கற்ற விதம் ஆகியவற்றைக் கேட்டு நான்கு பக்கம் எழுதித் தருதல் அக மதிப்பீட்டில் ஒரு பகுதியாயிற்று.

முதன்முறை வந்த நாற்பது கட்டுரைகளில் ஏறத்தாழ பன்னிரண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. அதனை மறைப்பதற்கில்லை. எஞ்சியவற்றுள் ஒன்று, முட்டை வெண்கருவும் கடுக்காயும் கூட்டிச் சுண்ணாம்பரைக்கும் பக்குவத்தை ஓர் அம்மையார் தம் வாயாற் கூறியவாறே எழுதியது. தேர்வில் அம்மாணவன் பெற்றது 31.

இன்றும் பருவத் தொடக்கத்தில் முதல் வகுப்பிற் பாடத்திட்டத்தின் படியொன்றை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுகின்றோம். அலகுக்கு எதிரே எத்தனை பாடவேளை என்பதையும், எந்நாளில் முடியும் என்பதையும் குறித்திருப்போம். யாம் பின்தங்கினால் அவர்களே நினைவூட்டலாம் என்று சொல்லிவைத்திருக்கின்றோம். முதலில் தயங்கினர்; இப்போது தயங்குவதில்லை. சென்ற பருவத்திற் பெட்டியடிப் பையனின் கதையிலேயே யாம் மூன்று நாள் தங்கிவிட்டபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி அத்தாளை உயர்த்திக் காட்டி, "ஐயா, இன்று சூயஸ் கால்வாய் திறந்திருக்க வேண்டும்" என்றாள். எம் படியின் ஓரத்தில் அப்பருவத்துக்கு எழுதியுள்ள கடைசிக் குறிப்பு இது: 'ஐந்தாம் அலகு, 54-ஆம் பாடவேளையில் முடிந்தது. தேர்வுக்கு ஆறு நாள் உள்ளது. மூன்றாம் அலகிற்கு இன்னும் ஒரு வேளை வேண்டும். முதல் அலகில் எடுக்கலாம்.'